பென்ஸ் 240டியா, எம்ஜிபியா? அம்பை அண்ணாச்சிக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. எனக்கு 54 வயசு, அம்பாசமுத்திரம் பக்கம் சொந்த ஊரு. தோஹாவுல வேல பாத்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன். சின்ன வயசுல இருந்தே பழைய காருன்னா உசுரு. இப்ப ரெண்டு வண்டி விலைக்கு வந்துருக்கு. ஒண்ணு 1982 மெர்சிடிஸ் 240டி, நாகர்கோவில்ல ஒரு டாக்டர் வீட்டுல நிக்கி, அந்தக் காலத்துல சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்தது. இன்னொண்ணு 1966 எம்ஜிபி, இங்கிலீஷ் வண்டி, ரெண்டு சீட்டு, கூரை மடக்குற வண்டி, குன்னூர்ல ஒரு எஸ்டேட் குடும்பத்துக்கிட்ட இருக்கு. விலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஒண்ணுதான் வாங்க முடியும். வீட்டுல இன்னோவா இருக்கு. வீட்டம்மாவும் மச்சானும் பென்ஸ்தான் மரியாதைன்னு சொல்லுதாங்க, பென்ஸுன்னா தொந்தரவு இல்ல, இங்கிலீஷ் வண்டின்னா தொந்தரவுன்னு மச்சான் சொல்லுதாங்க, அம்மாவுக்கு முட்டுவலி, இன்னோவால ஏறக் கஷ்டப்படுதாங்க, பென்ஸுன்னா தாழ உக்காரலாம்னும் சொல்லுதாங்க. என் மனசு எம்ஜிபி பக்கம். ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு அது ஆகுமா, ரிப்பேர் பாக்க ஆளு கெடைக்குமா, நடுரோட்டுல நிப்பாட்டிருமான்னு பயம். எத வாங்கட்டும்?

பதில்: அண்ணாச்சி, சுத்தி வளைக்காம மொதல்ல முடிவச் சொல்லிருதேன். எம்ஜிபி வாங்குங்க. ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு, அந்த வண்டியோட சில் கெட்டியா இருக்கணும். சில்னா கதவுக்குக் கீழ, முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் ரெண்டு பக்கமும் ஓடுற பெட்டித் தகடு. அது அரிச்சுப் போயிருந்தா பெயிண்டு எவ்வளவு மினுங்குனாலும் திரும்பி வந்துருங்க. ஏன் இப்பிடிச் சொல்லுதேன்னு விலாவாரியா எழுதுதேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையாப் படிங்க, போடப் போறது நீங்க வெளிநாட்டுல சம்பாதிச்ச துட்டு.

உங்க லெட்டர்ல எனக்கு முக்கியமாப் பட்டது 'வீட்டுல இன்னோவா இருக்கு'ங்கிற அந்த ஒரு வரிதான். குடும்பத்தோட திருச்செந்தூர் போக, மழையில போக, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட, வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்கு ஆளு கூப்பிடப் போக, இது எல்லாத்துக்கும் வண்டி ஏற்கெனவே நிக்கி. 240டி வந்தா அது செய்யப் போறதும் இதே வேலதான், நாலு பேர ஏசி போட்டு சொகுசாக் கூட்டிட்டுப் போறது. என்ன நடக்கும்னா புதுசா வந்த ஜோருல ரெண்டு மாசம் பென்ஸ எடுப்பீய, பொறவு அவசரம்னு வரும்போது வீட்டுல எல்லாரும் இன்னோவா சாவியத்தான் எடுப்பாவ, பென்ஸு கவர் போட்டு ஷெட்டுல நின்னுரும். பழைய வண்டிக்கு நிக்கிறத விடப் பெரிய வியாதி கெடையாது, ஓடித் தேஞ்ச வண்டிய சரி பண்ணிரலாம், நின்னு கெட்ட வண்டியில எது எங்க இறுகிருக்கு எது எங்க அழுகிருக்குன்னு தேடவே பாதி செலவு ஆயிரும். எம்ஜிபி குடுக்குற ஓட்டத்த உங்க வீட்டுல வேற எந்த வண்டியும் குடுக்காது. அதனால அத நீங்க எடுப்பீய. எடுத்து ஓட்டுனாத்தான் நல்லா இருக்கும்.

அதுக்காக பென்ஸ கொறச்சுச் சொல்லல. 240டி வந்தது டபிள்யூ 123ங்கிற வரிசையில, 1975 கடைசியில இருந்து பத்து வருஷம் போல ஓடுன மாடல், மொத்தம் 27 லட்சத்துக்குக் கிட்ட செஞ்சாவ. ஜெர்மனில டாக்ஸிக்காரங்க இந்த டீசல் வண்டியத்தான் வச்சு லட்சக்கணக்குல கிலோமீட்டர் ஓட்டுனாவ. 2.4 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ கெடையாது, கம்ப்யூட்டர் கெடையாது, 1982 வண்டின்னா 72 ஹார்ஸ்பவர். பதினாலு குவிண்டாலுக்குக் கிட்ட இருக்கிற வண்டிய அந்த எஞ்சின் இழுக்கணும், நூறு கிலோமீட்டர் வேகம் எட்ட இருபது செகண்டுக்கு மேல ஆகும், ஓவர்டேக் எடுக்கும்போது இது நெஞ்சு படபடக்கிற சமாச்சாரம். ஆனா சஸ்பென்ஷன் இருக்கே, ஆலங்குளம் பக்கம் ரோட்டத் தோண்டிப் போட்டிருந்தப்ப அந்தப் பள்ளத்துல எல்லாம் அது போன போக்க நான் உக்காந்து அனுபவிச்சிருக்கேன், இன்னைக்கு வர்ற புது வண்டிக நெறைய அப்பிடிப் போகாது. கதவு சாத்துற சத்தத்துக்கே ஒரு விலை குடுக்கலாம்.

ஆனா 'பென்ஸுன்னா தொந்தரவு இல்ல, இங்கிலீஷ் வண்டின்னா தொந்தரவு'ன்னு உங்க மச்சான் சொல்லுதாவ பாருங்க, அது ஜெர்மனில சரி, நம்ம ஊருல பாதிதான் சரி. 240டியில எஞ்சின் சாகாது, அதச் சுத்தி இருக்கிறதுதான் படுத்தும். அந்த வண்டியில சென்ட்ரல் லாக்கு, எஞ்சின நிப்பாட்டுறது எல்லாமே வேக்குவம்ல, அதாவது டியூப் வழியாக் காத்த உறிஞ்சுற இழுப்புல ஓடும். சாவியத் திருப்புனா கரண்ட் போயி எஞ்சின் நிக்கும்னு நெனைக்காதீய, டீசலுக்கு பிளக் ஃபயரிங் கெடையாது, வேக்குவம் போயி டீசல் பம்ப அடைச்சாத்தான் நிக்கும். நாப்பது வருஷத்துக்கு முந்திய ரப்பர் டியூப் எங்கயாவது ஒரு எடத்துல வெடிச்சிருந்தா சாவிய உருவிக் கையில வச்ச பொறவும் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும், பானெட்ட தொறந்து பம்பு மேல 'ஸ்டாப்'னு போட்டிருக்கிற லிவர அமுக்கணும். இது பெரிய கோளாறு இல்ல, ஆனா எந்த டியூப்னு கண்டுபிடிக்க அந்த வேக்குவம் லைன் தெரிஞ்ச ஆளு வேணும், தின்னவேலி சுத்துவட்டாரத்துல அப்பிடி ஆளு விரல் விட்டு எண்ணிரலாம். இது போக வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விடுற இடைவெளி, 24,000 கிலோமீட்டருக்கு ஒருக்க கையால வைக்கணும், அதக் கவனிக்காம விட்டா வால்வு இறுகி, காலையில ஸ்டார்ட்டு எடுக்காது, உடனே 'பம்பு போச்சு, நாசில் போச்சு'ன்னு வண்டியப் பிரிச்சிருவாவ. ஏசியும் அப்பிடித்தான், அந்தக் காலத்து ஆர்12 கேஸு இப்பக் கெடைக்காது, 134ஏங்கிற வேற கேஸுக்கு மாத்தணும், ஒழுங்கா மாத்தலன்னா சித்திரையில கண்ணாடிய எறக்கி விட்டுத்தான் போகணும், அப்பொறம் அது என்ன சொகுசு. நாகர்கோவில் வண்டிங்கிறதால இன்னொண்ணும் சொல்லணும், அந்தப் பக்கம் ரெண்டு பருவமழையும் உண்டு, கடக் காத்து வேற, ஜாக்கி போடுற எடம், முன் ஃபெண்டர், பேட்டரிக்குக் கீழ உள்ள தகடு, இங்க எல்லாம் துரு உக்காந்துருக்கும்.

இப்ப எம்ஜிபிக்கு வாரேன். 1962ல இருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்துல அபிங்டன்ங்கிற ஊருல செஞ்ச வண்டி, மூடுன கூரை வச்ச ஜிடியையும் சேத்து அஞ்சு லட்சத்துக்கு மேல போச்சு. 1798 சிசி, ரெண்டு எஸ்யூ கார்பரேட்டர், 95 ஹார்ஸ்பவர். பென்ஸோட 72க்கும் இதோட 95க்கும் காகிதத்துல பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனா எம்ஜிபி ஒன்பது குவிண்டால் சொச்சம்தான், பென்ஸ விட அஞ்சு குவிண்டாலுக்குக் கிட்ட கம்மி. ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், பின்னால சாதாரண பட்டா ஸ்பிரிங்கு. இன்னைக்குப் புது ஹேட்ச்பேக்கே இத முந்திட்டுப் போயிரும், வேகத்துக்காக இத யாரும் வாங்குறதில்ல. ரோட்டுக்கு ரொம்பப் பக்கத்துல உக்காந்து, எஞ்சின் மூச்சு விடுறது காதுல கேட்டு, நாப்பதுலயே அறுபதுல போற மாதிரி இருக்கும் பாருங்க, அதுக்குத்தான் வாங்குறது.

ரிப்பேர் பாக்க ஆளு இருக்குமான்னு கேட்டிருக்கீய. இதுல உங்களுக்கு ஒரு நல்ல சேதி. எம்ஜிபி எஞ்சின் பிஎம்சிங்கிற அந்தக் காலத்து இங்கிலாந்து கம்பெனியோட பி-சீரிஸ் குடும்பம். நம்ம அம்பாசடர் பெட்ரோல் வண்டியில இருந்த 1489 சிசி எஞ்சினும் அதே பி-சீரிஸ்தான். எம்ஜிபிக்கு முந்தி வந்த எம்ஜிஏ வண்டியில மொதல்ல போட்டதும் அதே 1489தான். ஆக அம்பாசடரும் எம்ஜிபியும் பங்காளிக. தகப்பன் காலத்துல இருந்து டாக்ஸி அம்பாசடரப் பிரிச்சுக் கோத்த கைக இன்னும் தின்னவேலி ஜங்ஷன் பக்கமும் வண்ணாரப்பேட்டையிலயும் தென்காசியிலயும் இருக்கு, 2014ல அம்பாசடர் நின்ன பொறவு அவங்கள்ல நெறையப் பேரு வேற வேலைக்குப் போயிட்டாங்க, ஆனா கை மறக்காது. புஷ்ராடு, டேப்பட், டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட் எல்லாம் அவங்களுக்குப் பழகுன வேல. அதுக்காக அம்பாசடர் பார்ட்ஸ அப்பிடியே தூக்கி மாட்டிரலாம்னு மட்டும் யாரு சொன்னாலும் கேக்காதீய, 1966 எம்ஜிபியில கிராங்குக்கு அஞ்சு மெயின் பேரிங், அம்பாசடர்ல மூணு, உள் சாமான் வேற. வேல முறைதான் ஒண்ணு. இஞ்ச் ஸ்பேனர் செட்டு ஒண்ணு நல்லதா வாங்கி வச்சுக்கிடுங்க, மில்லிமீட்டர் ஸ்பேனரப் போட்டு நட்டு முனைய மொழுக்கிருவாங்க, அது ஒண்ணுதான் எனக்கு எரிச்சல்.

பார்ட்ஸு இங்கிலாந்துல இருந்து வரணும், கஸ்டம்ஸ் டூட்டி கட்டணும், அது உண்மை. ஆனா கெடைக்காத பார்ட்ஸுன்னு ஒண்ணும் கெடையாது, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ்ங்கிற கம்பெனி 1988ல இருந்து எம்ஜிபி பாடியவே முழுசாப் புதுசா அடிச்சு விக்கிது, அப்பிடி இருக்கையில ஒரு கதவு ரப்பரோ ஒரு ஸ்விட்சோ கெடைக்காமப் போகாது. பென்ஸுக்கும் கம்பெனியே பழைய வண்டி பார்ட்ஸ் குடுக்குது, ஆனா விலை பென்ஸ் விலை.

வெயிலப் பத்தி ஒளிக்காமச் சொல்லுதேன். பங்குனி, சித்திரை, வைகாசியில காலம்பற எட்டு மணிக்கு மேல கூரையத் தொறந்துட்டு எம்ஜிபியில போக முடியாது, கருப்பு சீட்டு சுடும், ஸ்டியரிங்கு சுடும், எஞ்சின் சூடு ஃபயர்வால், அதாவது எஞ்சினுக்கும் நமக்கும் நடுவுல உள்ள தகடு வழியாக் காலுக்கு வரும், கூரைய மூடுனா அவிச்சிரும். அந்த மூணு மாசமும் விடியக் காலையில அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும்தான் அந்த வண்டிக்கு நேரம். ஆனா நீங்க இருக்கிற எடத்த நெனைச்சுப் பாருங்க. ஆனி, ஆடியில சாரல் காத்து அடிக்கும்போது அம்பைல இருந்து கடையம் வழியாத் தென்காசி போற ரோடு, இந்தப் பக்கம் பாபநாசம் வரைக்கும் மலை அடிவாரம், தெக்க களக்காடு, திருக்குறுங்குடி, அப்பொறம் மார்கழி, தை காலையில வயலுக்கு மேல பனி நிக்கிற நேரம். தமிழ்நாட்டுல கூரை இல்லாத வண்டிக்கு இத விடத் தோதான ஊரு கொஞ்சந்தான், சென்னைல வாங்கி வச்சிருக்கிறவங்க பாவம் ட்ராஃபிக்ல உக்காந்து வேர்த்துக்கிட்டு இருக்காவ. ஐப்பசி, கார்த்திகையில மழை கொட்டும்போது வண்டிய எடுக்காதீய, அவ்வளவுதான். நிப்பாட்டுற ஷெட்டு மட்டும் மேடான எடத்துல இருக்கணும், 2023 டிசம்பர்ல தாமிரபரணி வந்து எங்கெங்க நின்னுச்சுன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

வெயிலோட சேந்த பிரச்சனை எஞ்சின் ஹீட்டு. அந்த வண்டி குன்னூர்ல இருக்கு, அங்க சும்மா நின்னாலே ஏசி போட்ட மாதிரி, ரேடியேட்டர் பாதி அடைச்சுக் கெடந்தாக்கூடத் தெரியாது. அதனால குன்னூர்ல ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு 'ஹீட்டே ஆகல அண்ணாச்சி'ன்னு எனக்கு எழுதாதீய. ஓனர்கிட்டப் பேசி மேட்டுப்பாளையத்துக்கு எறக்கி, மத்தியானத்துல ஓட்டிப் பாருங்க, முள்ளு எங்க போயி நிக்கிதுன்னு பாருங்க. அதே மீட்டர்லயே ஆயில் பிரஷரும் இருக்கும், எஞ்சின் நல்லாச் சூடான பொறவு ரோட்டுல ஓடும்போது 50 பவுண்டுக்குக் கீழ எறங்குனா பேரிங் தேஞ்சிருக்கலாம்னு அர்த்தம், விலையக் கொறைக்கணும். வாங்குனீயன்னா ரேடியேட்டரோட உள் கோர செம்புலயே புதுசா மாத்தி, தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாத்தையும் புதுசா மாத்திட்டுத்தான் நம்ம ஊரு ரோட்டுல விடணும்.

அடுத்தது பெட்ரோலு. இப்ப பங்க்ல வர்றது நூத்துக்கு இருபது எத்தனால் கலந்த பெட்ரோலு, 1966ல செஞ்ச ரப்பர் அத நெனைச்சுச் செஞ்சது இல்ல. பழைய ஹோஸு ஊறி மெதுவாகி உள்ளுக்குள்ள உரிஞ்சு கார்பரேட்டர்ல போயி அடைக்கும், இல்லன்னா வெடிச்சு சூடான எஞ்சின் மேல பெட்ரோல் சொட்டும், இத நான் பயமுறுத்தணும்னு சொல்லல, கூரை இல்லாத வண்டியில தீ புடிச்சா வெளயாட்டு இல்ல. வண்டி வந்ததும் மொத வேலையா டேங்குல இருந்து கார்பரேட்டர் வரைக்கும் எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்குற வகைக்கு மாத்துங்க, ஃப்யூயல் பம்போட டயாஃப்ரத்தையும் பாத்துருங்க. எத்தனால் தண்ணிய இழுக்கும், அதனால டேங்குல பெட்ரோலு மாசக்கணக்கா நிக்க விடக் கூடாது, கொஞ்சமாப் போட்டு ஓட்டித் தீக்கணும். இன்னொண்ணு, அந்தக் காலத்து பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சு, 2000ல நம்ம நாட்டுல அத நிப்பாட்டிட்டாவ. எம்ஜிபி ஹெட்டுல வால்வு சீட்டு சாதா வார்ப்பு இரும்புதான், ஈயம் இல்லாத பெட்ரோல்ல வேகமா ஓட்டுனா அது மெல்ல அமுங்கும். ஹெட்ட எப்பவாவது எறக்குற வேல வந்தா அப்ப கெட்டியான சீட்டு அடிச்சிருங்க, நல்ல லேத்துக்காரர் செஞ்சிருவாரு, அதுக்காக இப்பவே பிரிக்க வேண்டாம்.

நடுரோட்டுல நிப்பாட்டுமான்னு கேட்டீயளே. நிப்பாட்டும், எப்பவாவது. ஆனா நிப்பாட்டுற காரணம் நாலஞ்சுதான், எல்லாம் ரோட்டோரத்துலயே சரி பண்றது. கண்டென்சர் போகும், பாயிண்ட் தேயும், ஃபேன் பெல்ட் அறும், இல்லன்னா எஸ்யூ பெட்ரோல் பம்புல உள்ள பாயிண்ட் ஒட்டிக்கிடும். அந்த பம்பு சாவி போட்டதும் டக் டக்னு சத்தம் போட்டு நிக்கணும், சத்தமே வரலன்னா வண்டிக்குப் பின்னால போயி ஸ்பேனர் பிடியால பம்பு மேல லேசாத் தட்டுனாப் பெரும்பாலும் வேல செய்யும், வீட்டுக்கு வந்து பாயிண்ட கிளீன் பண்ணிக்கிடலாம். இதுக்கான ஸ்பேர் சாமான டிக்கியில ஒரு டப்பாவுல போட்டு வச்சிக்கிட்டா ஒங்களுக்கு மெக்கானிக்கே வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் வண்டியில பெருசா எழுதி ஒட்டிருங்க, 1966 வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியோட பிளஸ்தான் பாடிக்குப் போகும். சீட்டுக்குப் பின்னால ரெண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும், நம்ம எலக்ட்ரீசியன் பழக்க தோசத்துல மைனஸப் பாடியில மாட்டிட்டா டைனமோ சார்ஜிங் குழம்பிரும், மொபைல் சார்ஜர் ஏதாச்சும் மாட்டி வச்சிருந்தா அதுவும் போயிரும். யாராவது ஏற்கெனவே ஒரே 12 வோல்ட் பேட்டரி போட்டு நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தி வச்சிருக்காவளான்னும் கேட்டுக்கிடுங்க.

இப்ப நான் உண்மையிலேயே பயப்படுற விஷயம். எம்ஜிபிக்குக் கீழ கிளியரன்ஸ் அஞ்சு இஞ்சுக்குள்ளதான், நம்ம கிராமத்து ரோட்டுல அவங்கவங்க வீட்டு வாசல்ல போட்டு வச்சிருக்கிற ஸ்பீடு பிரேக்கர்ல சைலன்சர் ஒரசாமப் போகாது, மெதுவாக் குறுக்காக் கடக்கப் பழகணும். அது செலவுதான், ஆபத்து இல்ல. ஆபத்து நாலுவழிச்சாலை. ஏர்பேக் கெடையாது, சீட்டுல தலைக்கு முட்டு கெடையாது, பின்னால டிரம் பிரேக், லாரிக்காரர் கண்ணுக்கு நீங்க தெரியவே மாட்டீய, பணகுடி, முப்பந்தல் பக்கம் காத்தாடி சுத்துற அந்தக் காத்துல தொறந்த வண்டிய நேராப் பிடிக்கவே தனி வேல. அதனால மதுரை, நாகர்கோவில்னு அந்த ரோட்டுல ராத்திரி எம்ஜிபிய எடுக்காதீய, அதுக்கு இன்னோவாதான். பகல்ல போக வேண்டி வந்தா ஓவர்டிரைவ், அதாவது டாப் கியருக்கு மேல எஞ்சின் சுத்தக் கொறைக்கிற அமைப்பு, இருக்கிற வண்டியான்னு பாத்துக்கிடுங்க, எல்லா எம்ஜிபியிலயும் அது வராது, இருந்தா எண்பதுல எஞ்சின் கத்தாம நிம்மதியா ஓடும். பழைய சீட் பெல்ட்ட கழட்டிட்டு நல்ல மூணு பாயிண்ட் பெல்ட் மாட்டுங்க, ஒரிஜினாலிட்டி போகுதுன்னு யாரு சொன்னாலும் இதுல மட்டும் காது குடுக்காதீய.

அம்மா முட்டுவலிய நான் மறக்கல. பென்ஸ் சீட்டு உயரம் அவங்களுக்குத் தோதா இருக்கும்ங்கிறது நூத்துக்கு நூறு சரி. ஆனா அதுக்காக நாப்பது வருஷத்து வண்டி வாங்க வேண்டாம், இன்னோவாவுக்கு சைடு ஸ்டெப்பும் தூணுல ஒரு கைப்பிடியும் போட்டுக் குடுங்க, அதுவும் பத்தலன்னா தாழ உள்ள ஒரு பழைய செடான் வாங்கி வைக்க இதுல கால்வாசி துட்டு போதும். அவங்க நெதம் ஏறி எறங்குற வண்டி காலையில சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகுற வண்டியா இருக்கணும்.

சரி, குன்னூருக்குப் போனா என்ன பாக்கணும்? மொதல்ல நம்பரு. ஆர்சியில சேசிஸ் நம்பர் 'ஜிஎச்என்3'ன்னு ஆரம்பிக்கணும், எஞ்சின் பிளேட்டுல '18ஜிபி'ன்னு இருக்கணும். நம்ம நாட்டுல பழைய எம்ஜிகள்ல டீசல் எஞ்சினு, அம்பாசடர் எஞ்சினு, எது கெடச்சாலும் தூக்கி வச்சிருப்பாங்க, நம்பரு ஒத்து வரலன்னா அது பாதி விலை வண்டி. அப்பொறம் சில், மொதல்ல சொன்ன அந்தப் பெட்டித் தகடு. எம்ஜிபிக்கு தனியா சேசிஸ் கெடையாது, பாடிதான் சேசிஸ், மேல கூரையும் இல்ல, அதனால வண்டியோட முழு பலமும் அந்த சில்லுலதான் நிக்கி. கூரைய மடக்கி வச்சிட்டு, பின் சக்கரத்துக்கு முன்னால பட்டா ஸ்பிரிங்கு தொங்குற எடத்துல ஜாக்கியக் குடுத்துத் தூக்கச் சொல்லுங்க, தூக்கும்போது கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியப் பாருங்க. இடைவெளி அப்பிடியே இருந்து, கதவு லேசாத் தொறந்து மூடுனா வண்டி கெட்டி. இடைவெளி மேல சுருங்கிக் கதவு பிடிச்சா உள்ள தகடு போயிருச்சு, வெளிய பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஒரு சின்னக் காந்தத்தத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க, கதவுக்குப் பின்னால சில்லும் பின் ஃபெண்டரும் சேருற எடத்துல வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா பட்டி. பேட்டரி ரெண்டும் உக்காந்துருக்கிற பெட்டியில கையை விட்டுப் பாருங்க, அங்க ஆசிட் சிந்தி அடி ஓட்டையாகிருக்கும் நெறைய வண்டியில. நீலகிரி மூடுபனியில அம்பது வருஷம் நின்ன வண்டி, இதுல எதையும் விட்டுராதீய.

பேப்பர். 50 வருஷம் தாண்டுன, எஞ்சின் பாடி மாத்தாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில மத்திய அரசு தனியா விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் கொண்டு வந்துச்சு, புதுசாப் பதிய 20,000 ரூபாய், திரும்பப் பதிய 5,000, பத்து வருஷம் செல்லும், ஏற்கெனவே இருக்கிற நம்பர அப்பிடியே வச்சுக்கிடலாம். 1966 வண்டிக்கு அது கெடைக்கும், 1982 பென்ஸுக்குக் கெடைக்காது. ஆனா அதுல ஒரு கட்டு இருக்கு, விண்டேஜ்னு பதிஞ்ச வண்டிய நெதப் பாட்டுக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, மராமத்து பாக்க, இதுக்குத்தான் ரோட்டுல எறக்கலாம். நீங்க வாரா வாரம் அம்பை, பாபநாசம்னு ஓட்ட ஆசைப்படுதீய, அப்ப சாதா ஆர்சியாவே உயிரோட வச்சுக்கிடுங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க ரெனிவல். இம்போர்ட் காருக்கு 20 வருஷம் தாண்டுனா ரெனிவல் ஃபீஸு 80,000 ரூபாய்னு 2025 ஆகஸ்டுல ஏத்திட்டாங்க, இது ரெண்டு வண்டிக்கும் பொதுதான், கணக்குல சேத்துக்கிடுங்க. ஆர்சி லேப்ஸ் ஆகிக் கெடந்தா அத ஓனரே உயிர்ப்பிச்சுக் குடுத்த பொறவுதான் மீதித் துட்டு, 'நீங்க பாத்துக்கிடுங்க, லேசு வேலதான்'னு சொன்னா ஒத்துக்கிடாதீய. இன்ஷூரன்ஸ் தேர்ட் பார்ட்டி கட்டாயம்.

ஒருவேளை எம்ஜிபியோட சில் அரிச்சுப் போயிருந்து, நீங்க பென்ஸப் பாக்கப் போறீயன்னா, மொத நாளே போன் பண்ணி 'நான் வந்த பொறவுதான் ஸ்டார்ட் பண்ணணும்'னு சொல்லிட்டு விடியக் காலையிலயே போயிருங்க. நம்ம ஊரு சூட்டுல கம்ப்ரெஷன் போன டீசலும் மத்தியானம் ஸ்டார்ட் ஆகிரும், ராத்திரி பூரா நின்ன எஞ்சின் க்ளோ பிளக்கு லைட்டு அணைஞ்சதும் ஒரே சுத்துல எடுக்குதான்னு பாக்கணும். ஓடிக்கிட்டு இருக்கையில ஆயில் மூடியத் திருகி எடுத்து, கவுத்து அது மேலேயே சும்மா வையிங்க, லேசா நடுங்குனாப் பரவாயில்ல, துள்ளி விழுந்தா பிஸ்டன் ரிங்கு போச்சு. சாவியத் திருப்புனதும் உடனே நிக்கிதா, நாலு கதவும் ஒண்ணா லாக்கு ஆகுதா, இதுவே வேக்குவம் டெஸ்டு. எல்லாம் சரியா இருந்தாலும் ஷெட்டுல நிப்பாட்டி வைக்க மாட்டோம், வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டுவோம்னு மனசு சொன்னாத்தான் வாங்குங்க. மரியாதைக்குன்னு மட்டும் வாங்குனா அந்த வண்டி வீணாப் போயிரும், அத என்னால பாக்க முடியாது. ரெண்டும் சரியில்லன்னா ரெண்டும் வேண்டாம், காத்துருங்க, எம்ஜிபி வேற ஒண்ணு வரும்.

வாங்குனா குன்னூர்ல இருந்து ஓட்டிட்டு வராதீய, பழக்கமில்லாத பிரேக்க நம்பி அந்தக் கொண்டை ஊசி வளைவுல எறங்க வேண்டாம், மேட்டுப்பாளையம் டெஸ்டுக்கு எறக்குறதா இருந்தாலும் ஓனரே ஓட்டட்டும், அங்கன இருந்து டிரக்குல ஏத்திருங்க. துட்டு குடுக்குறதுக்கு முந்தி ஜாக்கி போட்டுத் தூக்குன நெலமையில ரெண்டு பக்கக் கதவையும், இடைவெளி தெளிவாத் தெரியுற மாதிரி கிட்ட வச்சு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எஞ்சின் நம்பர் பிளேட்டையும் சேத்து. பாத்துட்டு அன்னைக்கே சொல்லுதேன்.